எலக்ட்ரிக் ஸ்டீமரில் வேகவைப்பதெல்லாம் சப்பென்று இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

கேள்வி: கீரைக்கட்டு

வணக்கம். நாங்கள் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் 5 பேர். மாமனாருக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாமியாருக்குச் சென்ற ஆண்டு சிறுநீரகத்தில் கல் வந்து, அது கால்சியம் ஆக்சலேட் வகை என்று சொன்னார்கள். எண்ணெயையும் உப்பையும் குறையுங்கள் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவதால், 2 மாதங்களுக்கு முன்பு 3 தட்டுகள் கொண்ட 800 வாட் எலக்ட்ரிக் ஸ்டீமர் ஒன்றை வாங்கினேன். அடியில் 1 லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டி, அதற்கு மேல் சொட்டு நீர் பிடிக்கும் தட்டம், பிளாஸ்டிக் தட்டுகள், 60 நிமிட டைமர் என்று பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சமையல் அமையவில்லை. கீழ்த்தட்டில் வைத்த பீன்ஸ் குழைந்து காக்கி நிறமாகிவிடுகிறது. அதே நேரத்தில் மேல்தட்டில் வைத்த கேரட் நறுக்கென்று பச்சையாகவே இருக்கிறது. சிறு கிண்ணங்களில் மாவை ஊற்றி இட்லி வைத்துப் பார்த்தேன். மூடியிலிருந்து நீர் சொட்டி இட்லியின் மேல்புறம் கொழகொழவென்று ஆகிவிட்டது. தொட்டிக்குள் சூடேறும் தட்டின்மேல் வெள்ளையாகப் பொருக்குப் படிந்து, இப்போது ஆவி கிளம்பவே முன்பைவிட அதிக நேரம் ஆகிறது (எங்களுடையது போர் தண்ணீர்). எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குப் போடுகிற சாப்பாட்டை எனக்கு எதற்கம்மா போடுகிறாய்?" என்று மாமனார் கேட்டுவிட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகக் கேட்டதுதான் உறுத்துகிறது.

இதில் எதை வேகவைக்கலாம், எதை வைக்கக்கூடாது? குக்கரைவிட இதில் சத்து அதிகமாகத் தங்கும் என்பது உண்மைதானா? பிளாஸ்டிக் தட்டுகளைப் பற்றிப் பயப்பட வேண்டுமா? பழக்கப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: அடுக்குப்பானை

சகோதரிக்கு வணக்கம். நான் மதுரையில் 7 ஆண்டுகளாக இந்தக் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். முதல் 3 மாதங்கள் என் வீட்டிலும் இதே புகார்தான். அப்போது நான் செய்த தவறும் நீங்கள் செய்வதேதான் என்று தோன்றுகிறது. எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் ஏற்றி, டைமரை 25 நிமிடத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். ஆவி முதலில் கீழ்த்தட்டைத்தான் தொடும். மேல்தட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் வேகம் குறைந்துவிடும். ஆகவே நேரம் பிடிக்கும் காயைக் கீழேயும், சீக்கிரம் வேகும் காயை மேலேயும் வைக்க வேண்டும். அதிலும் மேல்தட்டைத் தொடக்கத்திலேயே வைக்காமல், கீழ்க்காய் பாதி வெந்த பிறகு ஏற்ற வேண்டும்.

என் கைக்கணக்கைச் சொல்கிறேன். ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு எண்ண வேண்டிய நிமிடங்கள் இவை. ஆய்ந்த கீரைக்கு 3 முதல் 4 நிமிடம் போதும். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸும் காலிஃபிளவர் பூக்களும் 6 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும். பீன்ஸ், கேரட் வில்லை, மஞ்சள் பூசணி ஆகியவற்றுக்கு 10 முதல் 12 நிமிடம், துண்டாக்கிய உருளைக்கிழங்குக்கு 15 முதல் 20 நிமிடம், முழுச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு அதன் பருமனைப் பொறுத்து அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். துண்டுகள் ஒரே அளவில் இருப்பதும், தட்டின் துளைகளை முழுக்க அடைத்துவிடாமல் இடைவெளி விட்டுப் பரப்புவதும் முக்கியம். வெந்தவுடன் காயை வெளியே எடுத்து அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள். மூடிக்குள்ளேயே விட்டால், மின்சாரம் நின்ற பிறகும் அது வெந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் பீன்ஸ் பாதி அங்கேதான் குழைந்திருக்க வேண்டும்.

இட்லிக்கு ஒரே வழி, தட்டின்மேல் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியை விரித்து அதில் மாவை ஊற்றுவதும், மேல்தட்டுக்கும் மூடிக்கும் நடுவே இன்னொரு மெல்லிய துணியை விரித்துச் சொட்டும் நீரை அது வாங்கிக்கொள்ளுமாறு செய்வதும்தான். துணியின் ஓரம் வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தாலும், குண்டான் இட்லிக்கு இது ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி ருசிக்கு வருவோம். ஆவியில் காய் வேகும்போது உப்பு உள்ளே போகாது. அதைக் குறையாக நினைக்காதீர்கள். வெந்த பிறகு மேலாகத் தூவும் உப்பு நேரே நாக்கில் படுவதால், பாதி அளவிலேயே போதுமான உப்பாகத் தெரியும். 5 பேருக்கான பொரியலுக்கு 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, வெந்த காயை அதில் போட்டு ஒரே ஒரு நிமிடம் புரட்டி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலோ வறுத்துப் பொடித்த எள்ளோ சேர்த்து இறக்குங்கள். எண்ணெயே கூடாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேரட்டிலும் பூசணியிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்வதற்குச் சிறிதளவு கொழுப்பு வேண்டும். சீனர்கள் ஆவியில் வெந்த முழு மீனின்மேல் இஞ்சியையும் வெங்காயத்தாளையும் பரப்பி, அதன்மேல் புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றுவார்கள். அதுவும் ஒரு வகைத் தாளிப்புத்தானே?

மாமனாருக்கு முதலில் பருப்பு உசிலி செய்து கொடுங்கள். ஊறிய துவரம்பருப்பை மிளகாய், பெருங்காயத்தோடு கரகரப்பாக அரைத்து, தட்டில் தட்டையாகப் பரப்பி 12 முதல் 15 நிமிடம் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்துவிட்டால், அரைத்த விழுதை நேரடியாக வாணலியில் போடும்போது அது குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி மிச்சமாகும். பருப்பு உருண்டைக் குழம்புக்கான உருண்டைகளையும் இப்படியே வேகவைத்துக் குழம்பில் போடலாம், உடையாது.

மீன் சாப்பிடுவீர்களென்றால், மஞ்சள், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துத் தடவி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் மீன் நீர் காயின்மேல் சொட்டும். இரண்டு விரல் பருமனுள்ள துண்டுக்கு இலையோடு சேர்த்து 12 முதல் 15 நிமிடம் ஆகும். சதை வெள்ளையாகி இதழிதழாகப் பிரிய வேண்டும்.


பதில் 2: பழைய குண்டான்

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அத்தனையையும் இட்லிக் குண்டானிலும் துளைபோட்ட ஒரு தட்டிலும் 40 ஆண்டுகளாக நான் செய்து வருகிறேன். கொழுக்கட்டை, இடியாப்பம், இலை அடை எல்லாம் நாம் இந்தக் கருவியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை அல்ல. குண்டானில் மூடி குவிந்திருப்பதால் ஆவி நீராகி ஓரமாக வழிந்துவிடும்; தட்டையான பிளாஸ்டிக் மூடியில் அது நடுவிலேயே சொட்டும். இட்லி கொழகொழத்ததன் காரணம் அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் உண்மையான நன்மை ஒன்றே ஒன்று: நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோகிற என் வயதுக்காரர்களுக்கு அது பெரிய விஷயம்தான். மற்றபடி பருப்பையும் கொண்டைக்கடலையையும் இதில் வேகவைக்க முயன்று நாளை வீணாக்காதீர்கள். அது குக்கரின் வேலை. அரிசிகூட இதற்குள் ஒரு கிண்ணத்தில் நீரோடு வைத்தால் வேகும், ஆனால் முக்கால் மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.


பதில் 3: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

பழைய குண்டான் ஐயா சொன்னதில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவர் சொன்னவற்றின் காரணங்களை மட்டும் சேர்க்கிறேன். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. குண்டானானாலும் எலக்ட்ரிக் ஸ்டீமரானாலும் ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. உதகமண்டலம் போன்ற உயரத்தில் 93 டிகிரிதான் இருக்கும், அங்கே சமைப்பவர்கள் மேலே சொன்ன நிமிடங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் 1 கிராம் ஆவி நீராகக் குளிரும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை விட்டுவிடுகிறது. காய் விரைவாக வேகுவதற்கும், மூடியைத் திறக்கும்போது கை வெந்துபோவதற்கும் அதுவே காரணம். மூடியின் பின்பக்கம் முதலில் உயருமாறு, முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து பழகுங்கள்.

சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைட்டமின் சி, ஃபோலேட் முதலியவை நீரில் கரைபவை. காயை நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் அவையும் சேர்ந்து போகும். ஆவியில் அந்த இழப்புக் குறைவு. ஆனால் நம் சாம்பாரிலும் கூட்டிலும் குழம்பிலும் காய் வெந்த நீரை நாம் கொட்டுவதில்லை, அதையேதான் சாப்பிடுகிறோம். ஆகவே பொரியலுக்காகக் காயை வேகவைத்து நீரை வடிக்கும் வீடுகளுக்குத்தான் இந்தக் கருவியால் ஆதாயம் அதிகம். குக்கரில் கொஞ்சம் நீர்விட்டு ஒரு விசிலில் இறக்கும் காயிலும் சத்து அப்படியொன்றும் பாழாவதில்லை.

இதன் மறுபக்கத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஆவி நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தங்கவைப்பதில்லை. பசலை, தண்டுக்கீரை, பீட்ரூட் முதலியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அதில் நீரில் கரையும் பகுதி, நிறைய நீரில் கொதிக்கவைத்து வடித்தால்தான் பெருமளவு வெளியேறும், ஆவியில் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். உங்கள் மாமியாருக்கான கீரையை ஸ்டீமரில் வைக்காதீர்கள். கொதிநீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுக் கடையுங்கள். கீரையோடு தயிர் ஆகாது என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் ஆக்சலேட்டைப் பொறுத்தவரை, தயிரில் உள்ள கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பகல் உணவில் சேர்க்கலாம். அதேபோல், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் காயை நறுக்கி நீரில் வேகவைத்து வடிப்பதே பழைய, சரியான முறை. மரவள்ளிக்கிழங்கையும் தோலைச் சீவி, துண்டாக்கி, மூழ்கும் அளவு நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்; அதில் இயற்கையாக உள்ள சயனைடு சேர்மங்கள் ஆவியில் அந்த அளவுக்கு வெளியேறுவதில்லை.

மாமனாருக்கு இன்னொரு செய்தி. ஆவியில் வெந்தது என்பதற்காக இட்லி சர்க்கரையை ஏற்றாது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அரிசி மாவு எப்படி வெந்தாலும் மாவுப்பொருள்தான். எண்ணிக்கையைக் குறைத்து, காய் நிறைந்த சாம்பாரோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ப்பதுதான் பயன் தரும். உப்பைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; காயில் குறைத்துவிட்டு ஊறுகாயிலும் அப்பளத்திலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், என் வீடும் அதில் ஒன்று. "குறைந்த சோடியம்" என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இரத்தக் கொதிப்புக்குச் சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு அது ஆகாது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பீன்ஸ் காக்கி நிறமானதற்குக் காரணம், வேகும்போது காயிலிருந்து வெளிப்படும் அமிலம் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவது. அது நேரத்தைப் பொறுத்தது. 10 நிமிடத்தில் எடுத்துவிட்டால் பச்சை பெரும்பாலும் தங்கும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடாதீர்கள், அது வைட்டமின் சி-யைக் கெடுக்கும்.

தொட்டியில் படிந்த வெள்ளைப் பொருக்கு, போர் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கத்தியால் சுரண்டாதீர்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். வெதுவெதுப்பான அரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றி, மின் இணைப்பைத் துண்டித்த நிலையில் அரை மணி நேரம் விடுங்கள். குமிழி வந்து பொருக்குக் கரைந்துவிடும். பிறகு இரண்டு முறை நல்ல நீரால் அலசுங்கள். வெள்ளை வினிகரும் இதையே செய்யும். எதுவானாலும் பிளீச்சிங் திரவத்தோடு மட்டும் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும். குடிக்கும் ஆர்.ஓ. நீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தினால் இந்த வேலையே அபூர்வமாகத்தான் வரும்.

பிளாஸ்டிக் தட்டின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். ஆவியின் சூட்டைத் தாங்கக்கூடியது. 7 என்பது பலவகைப் பிளாஸ்டிக்குகளுக்குப் பொதுவான எண், பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும். அதன் தயாரிப்பில் பிஸ்ஃபீனால் ஏ பயன்படுவதால், அட்டைப் பெட்டியில் அது இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் எவர்சில்வர் தட்டுகளோடும் இக்கருவிகள் வருகின்றன.


பதில் 4: நீத்துப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது டொரோண்டோவில் இருக்கிறேன். என் அம்மம்மா பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியைப் பானையின் வாயில் வைத்துப் புட்டு அவிப்பார். ஓலை மேலதிக ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் புட்டு உதிரியாக வரும். இங்கே அந்தப் பெட்டி பூஞ்சணம் பிடிக்காமல் நிலைப்பது அரிது. அதனால்தான் எலக்ட்ரிக் ஸ்டீமருக்கு மாறினேன். தட்டில் பருத்தித் துணியை விரித்து, குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறி மாறித் தூவி, அமுக்காமல் மூடி அவித்தால் 12 முதல் 15 நிமிடத்தில் புட்டு ஆகிவிடும்.

எங்கள் பக்கத்தில் கோதுமை மாவை அப்படியே பயன்படுத்துவதில்லை. துணியில் முடிந்து முதலில் மாவையே அவித்து, கட்டிகளை உடைத்து அரித்து வைத்துக்கொள்வோம். அவித்த மா என்றால் அதுதான். அந்த வேலைக்கு இந்தக் கருவியைப் போல் வசதியானது வேறில்லை. டைமரை முக்கால் மணி நேரத்துக்கு வைத்துவிட்டு, நீர் குறைகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

சர்க்கரை உள்ளவருக்கு என் ஆலோசனை குரக்கன் புட்டு. நீங்கள் கேழ்வரகு என்று சொல்வீர்கள். அதுவும் மாப்பொருள்தான் என்று ஆசிரியர் ஐயா நினைவூட்டுவார், அது சரி. ஆனால் தவிட்டோடு அரைத்த மாவில் நார் அதிகம், கைப்பிடியளவிலேயே வயிறு நிறையும். முருங்கையிலையைப் பொடியாகக் கிள்ளி மாவோடு கலந்து அவித்து, ஏதாவதொரு மரக்கறிக் கறியோடு கொடுத்துப் பாருங்கள்.


கேள்வியாளர்: கீரைக்கட்டு (3 வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் மிக்க நன்றி. எலுமிச்சை உப்பு போட்ட அன்றே தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. ஆவி இப்போது 4 நிமிடத்தில் கிளம்புகிறது. தட்டின் அடியில் 5 என்று இருந்தது. இட்லி மீண்டும் குண்டானுக்கே போய்விட்டது, பழைய குண்டான் ஐயாவுக்கு அது மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன். மாமியாரின் கீரையைத் தனியாக வடித்துச் செய்கிறேன்; அவருக்கு மட்டும் தனிப் பாத்திரமா என்று முதலில் முணுமுணுத்தார், காரணத்தைச் சொன்ன பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பீன்ஸ் பருப்பு உசிலியை மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது ஸ்டீமரில் வெந்தது என்று நான் சொல்லவில்லை. வாழையிலை மீன் வைத்த அன்று அவரே சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து எடுப்பதில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

நீத்துப்பெட்டி அவர்களிடம் ஒரு கேள்வி. கேழ்வரகுப் புட்டு இரண்டு முறை செய்தேன். ஒரு முறை மாவு வேகாமல் வறண்டு போனது, இன்னொரு முறை களி போல ஆகிவிட்டது. எவ்வளவு நீர் தெளிக்க வேண்டும்?


பதில் 5: நீத்துப்பெட்டி

அளவு சொன்னால் பிழைத்துவிடும் தங்கச்சி; மாவுக்கு மாவு ஈரம் வேறுபடும். குரக்கன் மாவைச் சட்டியில் லேசாக, மணம் வரும்வரை மட்டும் வறுத்து ஆறவையுங்கள். உப்புக் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரல் நுனியால் பிசிறிக்கொண்டே வாருங்கள். கையில் பிடித்தால் பிடியாக நிற்கவும், பெருவிரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். அந்தப் பக்குவம் வந்ததும் நீரை நிறுத்திவிட்டு, 10 நிமிடம் மூடி வைத்து, மறுபடியும் பிடித்துப் பாருங்கள். குரக்கன் மா நீரைத் தாமதமாகத்தான் குடிக்கும், ஆகவே முதலில் போதும் போலத் தெரிந்தது இப்போது வறண்டிருக்கும். இன்னும் ஒரு கை தெளித்து, கட்டிகளை உதிர்த்துவிட்டுத் தட்டில் போடுங்கள். களியானதற்கு நீர் மட்டும் காரணமாக இராது. மூடிக்கடியில் துணி விரித்தீர்களா?